திரைக்கு வராத வரிகள்

பத்து லட்சம் வரிகள் கொண்ட ஓர் அட்டவணையைக் கணினித் திரையில் காட்டும் கிரிட், அந்தப் பத்து லட்சத்தையும் வரைவதில்லை. வரி ஒன்றுக்கு 25 பிக்சல் உயரம் என்று வைத்துக்கொண்டால், 1,000 பிக்சல் உயரமுள்ள பரப்பில் ஒரே நேரத்தில் 40 வரிகளுக்குத்தான் இடம் உண்டு. அந்த 40 வரிகளையும், மேலேயும் கீழேயும் முன்னெச்சரிக்கையாக இன்னும் சிலவற்றையும் மட்டுமே கிரிட் உருவாக்குகிறது. மீதியுள்ள ஒன்பது லட்சத்துச் சொச்சம் வரிகளுக்குத் திரையிலும் இடமில்லை, கிரிட்டின் நினைவகத்திலும் இடமில்லை. பயனர் கீழே உருட்டும்போது, புதிதாகக் கண்ணுக்கு வர வேண்டியவை அந்த நொடியில் கேட்டு வாங்கப்படுகின்றன. கண்ணை விட்டு விலகியவை கலைக்கப்படுகின்றன. இதை வர்ச்சுவல் முறை என்பார்கள். பெரிய அளவில் தரவைக் காட்டும் மென்பொருள்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இதைத்தான் செய்கின்றன.

எவரும் பார்க்காதபோது ஒரு பொருள் இருக்கிறதா என்ற கேள்வி தத்துவத்தில் மிகப் பழையது. வர்ச்சுவல் கிரிட்டில் அது வேலைக்கான கேள்வியாகவே வந்து நிற்கிறது. ஏழு லட்சத்து மூன்றாவது வரியை இன்றுவரை யாரும் உருட்டிப் பார்க்கவில்லை என்றால் அது இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்றால் எங்கே, எந்த வடிவில்? பார்த்த பிறகு தோன்றும் வரி முன்பே இருந்ததா, பார்த்ததால் உண்டானதா? இவற்றுக்குத் தவறான விடையை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதும் நிரல், தவறான வரியை அழிக்கும், தவறான கூட்டுத்தொகையைக் காட்டும். இதே கேள்விக்கு இந்திய, ஐரோப்பிய சிந்தனையாளர்கள் சொன்ன விடைகளைச் சோதித்துப் பார்க்க, கிரிட் தெளிவான ஒரு களம்.

முதலில் கருவி எப்படி இயங்குகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மைக்ரோசாப்ட் 2005-இல் டாட்நெட் 2.0-உடன் வெளியிட்ட டேட்டாகிரிட்வியூவில் வர்ச்சுவல்மோட் என்றொரு பண்பு உண்டு. அதை இயக்கிவிட்டு, ரோகவுண்ட் என்ற பண்பில் மொத்த வரிகளின் எண்ணிக்கையைச் சொன்னால் போதும். தரவு எதையும் கிரிட்டிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. ஒரு கட்டத்தை வரையும் வேளை வந்ததும், கிரிட் செல்வேல்யூநீடட் என்ற நிகழ்வை எழுப்பி, இத்தனையாவது வரியில் இத்தனையாவது பத்தியில் என்ன எழுதுவது என்று நிரலிடம் கேட்கிறது. நிரல் தரவுத்தளத்திலிருந்தோ தற்காலிகச் சேமிப்பிலிருந்தோ எடுத்துச் சொல்கிறது. கிரிட் அதை வரைகிறது, ஆனால் வைத்துக்கொள்வதில்லை. அதே கட்டத்தை மறுபடி வரைய நேர்ந்தால் மறுபடியும் கேட்கும்.

அதே கருவியில் இன்னும் நுட்பமான ஓர் ஏற்பாடும் இருக்கிறது. ஒரே மாதிரித் தோற்றமுள்ள பல வரிகளுக்குத் தனித்தனிப் பொருள்களை உருவாக்காமல், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே வரிப்பொருளை கிரிட் வைத்துக்கொள்ளும். இப்படிப் பகிரப்பட்ட வரியிடம் அது எத்தனையாவது வரி என்று கேட்டால் -1 என்று பதில் வரும். அதற்கென்று ஓர் இடம் இன்னும் கிடையாது. வரிகளின் தொகுப்பிலிருந்து எண்ணைச் சொல்லி ஒரு வரியை எடுத்தால், அந்தக் கணமே பகிர்வு முறிந்து, அந்த எண்ணுக்குரிய தனிப் பொருள் ஒன்று நினைவகத்தில் உண்டாகிறது. எட்டிப் பார்த்ததே அதைப் பிறப்பித்துவிடுகிறது. எல்லா வரிகளையும் ஒரு சுற்று தொட்டுப் பார்க்கும் சிறிய நிரல்துண்டு, அதுவரை இலகுவாக ஓடிய கிரிட்டைத் திணற வைப்பது இதனால்தான். பிறப்பிக்காமல் பார்ப்பதற்கென்றே ஷேர்ட்ரோ என்ற தனி வழி ஒன்றையும் கொடுத்திருக்கிறார்கள்.

உலாவியில் இயங்கும் கிரிட்டுகளின் கதையும் ஏறக்குறைய இதுவே. அங்கே வரிகளுக்குப் பதிலாக, எல்லா வரிகளும் இருந்தால் எவ்வளவு உயரம் வருமோ அவ்வளவு உயரமுள்ள வெறும் பெட்டி ஒன்று வைக்கப்படும். பத்து லட்சம் வரிகளுக்கு அது 2.5 கோடி பிக்சல். உருட்டுப்பட்டை அந்த வெறும் பெட்டியை அளந்துதான் தன் நீளத்தைத் தீர்மானிக்கிறது. குரோம் உலாவி ஒரு பெட்டிக்கு அனுமதிக்கும் உயரம் சுமார் 3.35 கோடி பிக்சல்; ஃபயர்ஃபாக்ஸில் சுமார் 1.79 கோடி. வரிகள் அதையும் தாண்டினால் கிரிட் உயரத்தைச் சுருக்கிக் கணக்குப் போட வேண்டும். திரையில் தெரிவது 40 வரிகள். தெரியாதவற்றைப் பற்றித் திரை சொல்லும் ஒரே தகவல் அந்த உருட்டுப்பட்டை. அறியும் வழிகளை ஆராயும் அளவை நூலார் பேச்சில் சொன்னால், வரிகள் காட்சி, உருட்டுப்பட்டை அனுமானத்துக்கு ஏது. புகையைக் கண்டு நெருப்பை அறிவதுபோல், பட்டையின் சிறுமையைக் கண்டு பட்டியலின் பெருமையை அறிய வேண்டும்.

இந்த அமைப்பைப் பார்ப்பவருக்கு ஒரு சபலம் எழுவது இயல்பு. கிரிட் பார்க்கப்படும் வரிகளை மட்டும் உண்டாக்குகிறது. விளையாட்டு மென்பொருளும் ஆட்டக்காரர் திரும்பும் திசையை மட்டுமே வரைகிறது. உலகமும் இப்படித்தான் ஏன் இருக்கக் கூடாது? தத்துவ அறிஞர் நிக் போஸ்ட்ராம் 2003-இல் வெளியிட்ட உருவகப்படுத்தல் வாதத்தில் இந்த எண்ணத்துக்கு இடம் இருக்கிறது. உலகம் கணினியில் நிகழ்த்தப்படும் ஒன்றாக இருந்தால், யாரும் நோக்காத நுண்விவரங்களை நோக்கும்போது மட்டும் நிரப்பினால் போதும் என்கிறார் அவர். பலரது பேச்சில் இது இன்னும் நீண்டு, பார்க்காத பொருள் கிடையவே கிடையாது என்ற முடிவாகிறது.

கிரிட் அந்த முடிவுக்குத் துணை நிற்கவில்லை. கிரிட்டில் வரி என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு பொருள்கள் அழைக்கப்படுகின்றன. ஒன்று திரையில் வரையப்படும் உருவம். மற்றொன்று தரவுத்தளத்தில் உள்ள பதிவு. முதலாவது பார்க்கும்போது பிறந்து பார்வை நீங்கும்போது மடிகிறது. இரண்டாவதற்குப் பார்வையோடு தொடர்பே இல்லை. அது எழுதப்பட்டபோது தோன்றியது, அழிக்கப்படும்வரை இருக்கும். வர்ச்சுவல் முறை செயல்படுவதே இரண்டாவது உறுதியாக நிற்பதால்தான். ஏழு லட்சத்து மூன்றாவது வரியைக் காலையில் கேட்டால் ஒரு பெயரும் மாலையில் கேட்டால் வேறொரு பெயரும், இடையில் யாரும் எதையும் மாற்றாமலேயே, வருமானால் அதைத் தத்துவ நுட்பம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள், பிழை என்பார்கள்.

பார்க்காத பொருளை மறுத்தவர்களும் வேறொரு வாசல் வழியாக ஒரு சேமிப்பைக் கொண்டுவரவே செய்தார்கள். இந்த விவாதத்தின் வரலாற்றில் மிகவும் கவனிக்கத்தக்கது இதுதான். அயர்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் பெர்க்லி, மனித அறிவின் கோட்பாடுகள் பற்றி 1710-இல் எழுதிய நூலில், புலப்பொருள்களுக்கு இருப்பு என்பதே புலப்படுவதுதான் என்று வாதிட்டார். அப்படியானால் அறையை விட்டு எல்லோரும் வெளியேறியதும் மேசை இல்லாமல் போகுமா? போகாது என்பதே அவர் பதில். மனிதர் பார்க்காதபோதும் இறைவனின் மனத்தில் அது இருந்துகொண்டே இருக்கிறது. பின்னாளில் கிறித்தவ ஆயரான பெர்க்லிக்கு அது கடவுள் இருப்புக்கான சான்றாகவும் ஆயிற்று. கிரிட்டின் மொழியில், பயனரின் திரைக்குப் பின்னால் ஒருபோதும் அணையாத ஒரு சர்வரை அவர் வைத்தார்.

ஜான் ஸ்டூவர்ட் மில் கடவுளை இதில் இழுக்கவில்லை. 1865-இல் வில்லியம் ஹாமில்டனின் தத்துவத்தை ஆராய்ந்து எழுதிய நூலில், சடப்பொருள் என்பது புலனுணர்வுக்கான நிலைத்த சாத்தியம் என்று அவர் விளக்கினார். அடுத்த அறையில் உள்ள மேசை இருக்கிறது என்றால், அங்கே போனால் அது தெரியும் என்று பொருள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. வர்ச்சுவல் கிரிட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விவரணை கிடைப்பது அரிது. கிரிட்டைப் பொறுத்தவரை, திரைக்கு வராத வரி என்பது கேட்டால் விடை வரும் என்ற உறுதி மட்டுமே. ஆனால் அந்த உறுதி எதன்மேல் நிற்கிறது என்ற கேள்வி உடனே வருகிறது. கிரிட்டில் விடை எளிது: நிரலைத் திறந்தால் தரவுத்தளம் இருக்கும் இடம் தெரியும். மில் அதற்கு மேல் போக மறுத்தார். அந்தச் சாத்தியம் எதன்மேல் நிற்கிறது என்று சொல்லாமல் அதை அந்தரத்தில் விட்டது அவர் விளக்கத்தின் பெரிய குறை.

இந்தியாவில் இந்த வழக்கு இன்னும் ஆழமாக நடந்தது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த பௌத்த ஆசிரியர் வசுபந்து, விம்சதிகா என்னும் இருபது செய்யுள் நூலில், வெளியே பொருள் இல்லை, உள்ளவை அறிவின் தோற்றங்களே என்ற விஞ்ஞானவாதத்தை நிறுவ முயல்கிறார். எதிராளி கேட்கக்கூடிய நான்கு கேள்விகளை அவரே முதலில் வைப்பது அந்த நூலின் நேர்மை. வெளியே பொருள் இல்லை என்றால் ஒரு தோற்றம் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் வருவது ஏன்? குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வருவது ஏன்? ஒருவருக்கு மட்டுமன்றி அங்கே உள்ள எல்லோருக்கும் தெரிவது ஏன்? கனவில் உண்ட சோறு பசியாற்றாதபோது, நனவில் உண்ட சோறு பசியாற்றுவது ஏன்?

கிரிட் எழுதுபவர் இந்த நான்கையும் அப்படியே சோதனைப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட வரி எப்போதும் அதன் இடத்தில் வருகிறதா? மாற்றம் செய்யப்பட்ட பிறகுதான் மாறித் தெரிகிறதா? சென்னையில் ஒருவரும் மதுரையில் ஒருவரும் ஒரே பட்டியலைத் திறந்தால் ஒரே பதிவைப் பார்க்கிறார்களா? பட்டியலில் தெரிகிற தொகையை வங்கிக்கு அனுப்பினால் அது செல்லுபடியாகிறதா? நான்குக்கும் ஆம் என்று சொல்ல வைப்பது திரைக்குப் பின்னால் உள்ள பொதுவான சேமிப்பு. வசுபந்து கனவையும், நரகத்தையும், பசித்த ஆவிகள் எல்லாம் ஒன்றுபோலச் சீழ் ஆற்றைக் காண்பதையும் காட்டி விடை சொல்கிறார். ஆனால் அவருடைய மரபும் அதோடு நிற்க முடியவில்லை. ஒவ்வொரு அனுபவமும் விட்டுச் செல்லும் விதைகளைச் சேர்த்து வைத்து, காலம் வந்ததும் முளைக்கவைக்கும் ஆலய விஞ்ஞானம் என்ற அடித்தள அறிவு ஒன்றை யோகாசாரப் பௌத்தர்கள் ஏற்றார்கள். பொருளை மறுத்த பிறகும் களஞ்சியத்தை மறுக்க அவர்களால் இயலவில்லை.

இந்த விஞ்ஞானவாதத்தை அத்வைத ஆசிரியர் சங்கரர் தம் பிரம்மசூத்திர உரையில் எதிர்த்தார். தமிழில் அருணந்தி சிவாசாரியார் 13-ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரின், பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் பௌத்தரின் நான்கு பிரிவுகளையும் தனித்தனியே எடுத்து மறுத்தார். கிரிட்டை முன்னே வைத்துப் பார்க்கும்போது, நியாயம் இவர்கள் பக்கமே சாய்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. தோற்றம் அறிபவரைச் சார்ந்தது என்பதிலிருந்து, தோன்றுகிற பொருளும் அறிபவரைச் சார்ந்தது என்ற முடிவு வராது. ஒரு வரம்பையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கிரிட்டுக்குப் பின்னால் போய்த் தரவுத்தளத்தைத் தனியாகத் திறந்து பார்க்கலாம். உலகுக்குப் பின்னால் போய்ப் பார்க்க வழியில்லை. ஆகவே கிரிட், உலகம் எப்படிப்பட்டது என்று நிரூபித்துவிடாது. பார்க்கும்போது மட்டும் வரையப்படுகிறது என்ற செய்தியிலிருந்து பார்க்காதபோது இல்லை என்று தாவுவது செல்லாது என்பதை மட்டும் அது ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது.

பொருள் இருக்கிறது என்று ஏற்றால் அடுத்து வருவது, அது எது என்ற அடையாளக் கேள்வி. வரியை அதன் இடத்தைக் கொண்டு அடையாளம் காண்பதா, அதற்கே உரிய முதன்மைச் சாவியைக் கொண்டா? பிழைகள் மலிந்த இடம் இது. ஒரு கடையின் விற்பனைப் பட்டியல், புதியது மேலே வரும்படி அடுக்கப்பட்டு, பக்கத்துக்கு 50 வரிகளாகத் தரப்படுகிறது என்று கொள்வோம். கணக்கர் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு புதிய விற்பனை பதிவாகிறது. எல்லா வரிகளும் ஓரிடம் கீழே இறங்குகின்றன. அவர் இரண்டாம் பக்கத்தைக் கேட்கும்போது, முதல் பக்கத்தின் கடைசி வரி இரண்டாம் பக்கத்தின் முதல் வரியாக மறுபடி வருகிறது. மாறாக, அந்த இடைவெளியில் முதல் பக்கத்துப் பதிவு ஒன்று நீக்கப்பட்டிருந்தால், ஒரு வரி இரண்டு பக்கத்திலும் வராமலே தப்பிவிடும். அதை அவர் உணரவே வழியில்லை.

இதற்குத் தீர்வு, 'ஐம்பதைத் தாண்டி அடுத்த ஐம்பது' என்று கேட்பதை விட்டு, 'இந்தச் சாவிக்கு அடுத்து வரும் ஐம்பது' என்று கேட்பது. இதனால் வேகமும் கூடுகிறது. பத்து லட்சத்தைத் தாண்டி ஐம்பதைத் தரச் சொன்னால், தரவுத்தளம் பொதுவாக முதல் பத்து லட்சத்தையும் நடந்து கடந்துதான் அங்கே போகும்; சாவியைச் சொன்னால் சுட்டுவரிசை வழியாக நேரே போய்விடும். தேர்வு செய்த வரியையும் இப்படியே சாவியோடுதான் கட்ட வேண்டும். பயனர் 12-ஆவது வரியைத் தேர்ந்த பின் பட்டியலை வேறு பத்தியின்படி அடுக்கினால், 12 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்த கிரிட், இப்போது அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் வேறு யாரோ ஒருவரின் பதிவை அழித்துவிடும். இடம், வடிவம், அண்டை அயல் எல்லாம் மாறிய பின்னும் இது அதுவே என்று சொல்ல வைப்பது எது என்பது தத்துவ வகுப்பறைக்கு உரிய கேள்வி என்று நினைக்கிறவர்கள், அழிந்த பதிவுக்கு உரியவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

திரை உருவத்தின் நிலை வேறு. அதற்குச் சாவி கிடையாது. ஆயுளும் மிகக் குறைவு. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகம் நிற்பது ஏறக்குறைய 16.7 மில்லிவிநாடி. அதற்குள் அடுத்த சட்டகத்தைத் தயாரிக்க முடியாத கிரிட் தடுக்கித் தடுக்கி உருளும். எதுவும் ஒரு கணத்துக்கு மேல் நிற்பதில்லை, அடுத்த கணத்தில் இருப்பது அதைப் போன்ற வேறொன்று என்ற பௌத்தரின் கணபங்க வாதம் திரை உருவத்துக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. வசுபந்துவின் அபிதர்மகோசம் ஒரு நாளை 30 முகூர்த்தங்களாகவும், முகூர்த்தத்தை 30 லவங்களாகவும், லவத்தை 60 தத்க்ஷணங்களாகவும், அதை 120 கணங்களாகவும் பகுக்கிறது. பெருக்கினால் நாளுக்கு 64,80,000 கணங்கள். ஒரு கணம் விநாடியில் 75-இல் ஒரு பங்கு. 75 ஹெர்ட்ஸ் திரைகள் சந்தையில் கிடைக்கின்றன. இந்த ஒற்றுமையை வைத்து முன்னோர் திரையை அறிந்திருந்தார்கள் என்று பேசுவது அந்த நூலுக்குச் செய்யும் அவமதிப்பு. ஓட்டமாகத் தெரிகிற ஒன்றைத் துண்டுகளாக எண்ணிக் காட்ட அவர்கள் எடுத்த முயற்சியே மதிக்கத் தக்கது.

உருவங்களைக் கலைத்துக் கலைத்துப் புதிதாகச் செய்வதுகூட வீண்செலவு என்று, பல கிரிட்டுகள் பழைய உருவத்தையே மறுபடி பயன்படுத்துகின்றன. மேலே மறைந்த வரியின் பெட்டியை எடுத்துக் கீழே புதிய வரிக்கு வைக்கின்றன. ஆண்ட்ராய்டில் 2014-இல் வந்த ரிசைக்ளர்வியூவுக்குப் பெயரே இதிலிருந்து வந்தது. இந்த முறையில் எல்லோரும் ஒருமுறையாவது சந்திக்கும் பிழை ஒன்று உண்டு. மூன்றாவது வரியில் ஒரு டிக் போட்டுக் கீழே உருட்டினால், பதினெட்டாவது வரியிலும் யாரும் போடாத ஒரு டிக் இருக்கும். மூன்றாவது வரிக்குப் பயன்பட்ட பெட்டி துடைக்கப்படாமல் பதினெட்டாவதற்குப் போய்விட்டது. டிக் பதிவுக்கு உரிய பண்பு. அதை எழுதியவர் பெட்டியின் பண்பாக வைத்துவிட்டார். ஒன்றின் பண்பை மற்றொன்றின்மேல் ஏற்றிக் காண்பதைச் சங்கரர் அத்தியாசம் என்று பெயரிட்டு, பிரம்மசூத்திர உரையின் முன்னுரை முழுவதையும் அதற்கே ஒதுக்கினார். உடலின் பருமனையும் மெலிவையும் தன்னுடையதாக எண்ணுவது அவர் தரும் எடுத்துக்காட்டு. அவர் சொல்லும் மருந்தும், ரிசைக்ளர்வியூவுக்கு நிரலாளர் தரும் மருந்தும் ஒன்றே: எந்தப் பண்பு எதற்கு உரியது என்று பிரித்து அறிவது.

சேமிப்பே இல்லாத கிரிட்டுகளும் உண்டு. வீட்டுக்கடனுக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய தவணை, அதில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று காட்டும் பட்டியலை எங்கும் எழுதி வைக்க வேண்டியதில்லை. கடன் தொகை, வட்டி வீதம், காலம் ஆகிய மூன்றும் இருந்தால் எந்த வரியையும் கேட்டவுடன் கணக்கிட்டுவிடலாம். இங்கே 187-ஆவது மாதத்தின் வரி கேட்பதற்கு முன்பு எங்கே இருந்தது? எந்த வட்டிலும் இல்லை. ஆனாலும் அது என்னவாக வரும் என்பதில் துளி சந்தேகமும் இல்லை.

சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் ஏற்கும் சற்காரியவாதம் இந்த நிலையை விளக்கவே பிறந்ததுபோல் இருக்கிறது. காரியம் தோன்றுமுன்பே காரணத்தில் நுட்பமாக இருக்கிறது. தோற்றம் என்பது வெளிப்படுதல், அழிவு என்பது காரணத்தில் ஒடுங்குதல். இல்லாதது வராது, உள்ளது அழியாது. நியாய வைசேடிகர் இதை மறுத்து, காரியம் முன்பு இல்லாத புதுப்பொருள் என்பர். தவணைப் பட்டியலில் இரு தரப்புக்கும் ஆளுக்கொரு பாதி கிடைக்கிறது. வரியின் உள்ளடக்கம் முன்பே முழுவதும் தீர்மானிக்கப்பட்டது. அதில் சித்தாந்திக்கே வெற்றி. அந்த வரி கணக்கிடப்பட்ட நேரம், அதற்குச் செலவான மின்சாரம், அது பிடித்த நினைவகம் எல்லாம் புதியவை. அங்கே நையாயிகரை வாயடைக்க முடியாது. இரண்டுக்கும் பொதுவாக நிற்பது ஒன்று. பதிவாக இருந்தாலும் விதியாக இருந்தாலும், கேள்விக்கு விடை எதுவோ அது கேட்பவரின் விருப்பத்தால் மாறாது.

இருப்பைவிட இன்மையே கிரிட்டில் அதிக ஆபத்தானது. பட்டியலில் ஒரு பெயரைத் தேடிக் காணவில்லை என்றால் அந்தப் பெயர் இல்லை என்று அறிந்ததாக ஆகுமா? மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகளிடம் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்கும்போது, அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில், இன்மை எனப்படும் அபாவமும் ஒன்று. ஏழாம் நூற்றாண்டு மீமாம்சகர் குமாரிலர், காணாமையே இன்மையை அறிவிக்கும் தனி அளவை என்றார். நையாயிகர் அது காட்சியிலேயே அடங்கும் என்றனர். இந்தச் சண்டையைவிடப் பயனுள்ளது, இரு தரப்பும் ஏற்ற ஒரு நிபந்தனை. இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்ற தகுதியுள்ள பொருளின் காணாமை மட்டுமே இன்மைக்குச் சான்று. வெளிச்சமுள்ள தரையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டில் தெரியவில்லை என்றால் அப்படிச் சொல்ல முடியாது. இயல்பிலேயே கண்ணுக்குத் தெரியாத பிசாசு தெரியவில்லை என்பதால் பிசாசு இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது.

இந்த நிபந்தனையை மறந்ததன் விலை 2020-இல் இங்கிலாந்தில் தெரிந்தது. கொரோனா பரிசோதனைக் கூடங்கள் அனுப்பிய முடிவுகளைப் பொதுச் சுகாதாரத் துறையான பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து, எக்ஸெலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்புகளில் ஏற்றி வந்தது. அந்த வடிவில் ஒரு தாளுக்கு 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. எக்ஸெல் 2007-உடன் வந்த வடிவில்தான் அது 10,48,576 ஆனது. ஒவ்வொரு நோயாளிக்கும் பல வரிகள் பிடித்ததால் ஒரு கோப்பு விரைவில் நிரம்பியது. அதற்கு மேல் வந்த வரிகள் சத்தமில்லாமல் உதிர்ந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு முடிவு போய்விட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்க வேண்டியவர்களுக்கு அந்தப் பெயர்கள் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. தாளைப் பார்த்தவர்களுக்கு அதில் குறை எதுவும் தெரிந்திருக்காது. கடைசி வரிவரை ஒழுங்காக நிரம்பிய தாள் அது. அங்கே காணாமை இன்மைக்குச் சான்றாகும் தகுதியை இழந்திருந்தது. அந்தத் தகுதி போய்விட்டதைத் தாள் சொல்லவில்லை.

அன்றாடக் கருவிகளிலும் இதன் சிறு வடிவங்கள் இருக்கின்றன. எஸ்கியூஎல் சர்வரின் மேலாண்மைக் கருவியில் அட்டவணையின்மேல் வலச்சொடுக்கினால் வரும் வழி முதல் 1,000 வரிகளைத் தருகிறது. மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்சும் மாற்றாதவரை 1,000-இல் நிறுத்திக்கொள்கிறது. இவற்றில் குற்றமில்லை, வரம்பு எங்கே என்பது மெனுவிலோ திரையிலோ எழுதியிருக்கிறது. வரம்பை எழுதாமல் வெட்டும் கிரிட்டுகளே தீங்கானவை. முடிவே தெரியாமல் உருண்டுகொண்டே போகும் பட்டியல்களும் இந்த வகையில்தான் சேரும். அவை உருட்டுப்பட்டை தந்த அனுமானத்தையும் பறித்துவிடுகின்றன.

வெற்றுக் கட்டமும் இப்படியே. தர்க்க நூல்கள் இன்மையை வகை பிரிக்கும்: தோன்றுமுன் இன்மை வேறு, அழிந்தபின் இன்மை வேறு, என்றும் இன்மை வேறு. சர்வரிலிருந்து இன்னும் வந்து சேராத மதிப்பு, வேறொருவர் நீக்கிவிட்ட மதிப்பு, யாரும் ஒருபோதும் பதியாத மதிப்பு ஆகிய மூன்றையும் ஒரே வெள்ளைக் கட்டமாகக் காட்டும் கிரிட்டில், மருத்துவமனைப் பட்டியலின் ஒவ்வாமை என்ற பத்தியில் அப்படியொரு கட்டம் நின்றால் என்ன ஆகும்? படிப்பவர் அதை ஒவ்வாமை எதுவும் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்.

கிரிட் எழுதுகிறவர்கள் மொத்த வரிகள் எத்தனை, காட்டுவது எத்தனை, எங்கே வெட்டப்பட்டது என்ற மூன்றையும் திரையின் அடியில் எண்ணில் எழுதட்டும். வந்து சேராத கட்டத்துக்கும் வெறுமையான கட்டத்துக்கும் வேறு வேறு குறி வைக்கட்டும். இவை இல்லாத பட்டியலில் ஒரு பெயர் காணவில்லை என்பதை, அப்படி ஒருவர் இல்லை என்பதற்குச் சான்றாக எந்த அலுவலகமும் ஏற்கக் கூடாது.